டிரைவரைப் பார்த்து வாய் பிளந்த முதலை

பழைய மெட்ராஸ் மெக்கானிக் ஷெட்டுகளில் ஒரு காட்சி உண்டு. காரின் மூஞ்சி மொத்தமும், மட்கார்டு, ஹெட்லைட்டோடு சேர்ந்து, முன்பக்கமாகக் கவிழ்ந்து கிடக்கும். டிரைவரைப் பார்த்து முதலை வாயைப் பிளந்த மாதிரி. மெக்கானிக் முன் டயர் மேலேயே உட்கார்ந்து எஞ்சினை நோண்டிக்கொண்டிருப்பார். அதுதான் வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இன்னொரு காட்சி கல்யாண சீசனில். குடும்பமும் மூட்டை முடிச்சும் ஏறினால் பின்சக்கரங்கள் காலை அகட்டி நிற்கும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் அதே சக்கரங்கள் வெட்கப்பட்டதுபோல் உள்ளே மடங்கிக்கொள்ளும்.

சிரிப்புதான். ஆனால் ஒவ்வொரு சிரிப்புக்குப் பின்னாலும் ஒரு தட்டுப்பாடு இருக்கிறது.

1959-ல் பிரிட்டனில் ட்ரையம்ஃப் ஹெரால்டு வந்தது. வடிவமைத்தவர் இத்தாலியரான மிக்கேலோட்டி. அந்த கம்பெனிக்கு பாடி செய்துகொடுத்த நிறுவனம் போட்டியாளர் கைக்குப் போய்விட்டிருந்தது. வேறு வழியில்லாமல் தனிச் சட்டம், அதன்மேல் போல்ட் போட்டு மாட்டும் பாடித் துண்டுகள் என்று போனார்கள். முதலை வாய் அப்படிப் பிறந்தது. பின்சக்கரக் கூத்துக்குக் காரணம், செலவைக் குறைக்க வைத்த ஊசலாடும் அச்சு.

துண்டு துண்டாக மாட்டும் கார் என்பது நமக்கு வசதியாகப் போனது. 1961-ல் இங்கே உற்பத்தி தொடங்கியது. பிரிட்டனில் எஞ்சின் பெரிதாகிக்கொண்டே போக, நம்மூரில் கடைசிவரை 948 சிசி-தான். ஆனால் நாலு கதவு ஹெரால்டு உலகத்திலேயே இங்கே மட்டும்தான் தயாரானது. பாட்டியை முன்சீட்டை மடக்கி ஏற்றுவதெல்லாம் நடக்கிற காரியமா? 1972-ல் வந்த கெஸலில் பின் அச்சையும் மாற்றிவிட்டார்கள். வெளிநாட்டு டிசைனை நம்ம தேவைக்கு வளைக்கத் தெரிந்தவர்கள்தான் அங்கே இருந்தார்கள்.

அப்புறம்தான் 1985. ஸ்டாண்டர்டு 2000. ரோவர் எஸ்டி1-ன் உடம்பு. ஐரோப்பாவில் 1977-ன் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய மாடல். பானெட்டுக்குள் இருந்ததோ பழைய வேன்கார்டு வம்சத்து எஞ்சின். அதே வம்சம்தான் ஃபெர்குசன் டிராக்டரிலும் ஓடியது. பட்டு வேட்டி கட்டிக்கொண்டு ஏர் உழ வந்த மாதிரி! விலையோ மாருதி 800-ஐப் போலப் பல மடங்கு. 1988-ல் உற்பத்தி நின்றுபோனது. அங்கே வேலை பார்த்தவர்களின் கைப்பழக்கத்துக்கும் வேலையில்லாமல் போனது.

மிச்சமிருந்த உதிரிபாகங்களை பிரிட்டனில் ஒரு ஸ்பேர்ஸ் கம்பெனி மொத்தமாக வாங்கிக் கப்பலேற்றியது. அங்கே ரோவர் எஸ்டி1-ஐப் பேணுகிறவர்களுக்கு அது புதையல். இங்கிலாந்தில் ஏதோ ஒரு ரோட்டில் பளபளவென்று ஒரு ரோவர் போகும்போது, அதில் மாட்டியிருப்பது வண்டலூர்ச் சரக்காக இருக்கலாம்.