உழைத்துக் கற்றோர் வரலாறு

வறுமையுற்ற மாணவன் கல்வி பெறுதற்கு வழி இரண்டு. பிறர் இரங்கி அளிக்கும் உதவி ஒன்று. தன் உழைப்பால் தானே ஈட்டும் பொருள் மற்றொன்று. முன்னதனை நாம் நன்கறிவோம். வாரச் சாப்பாடு என்னும் பெயரால், நாளுக்கொரு வீடாக ஏழு வீட்டுத் திண்ணைகளில் உண்டு படித்த பிள்ளைகள் காவிரி நாட்டில் எண்ணிறந்தோர். அவ்வறம் பெரிது. ஆயினும், பிறர் வாயிலில் காத்து நிற்கும் பிள்ளையின் உள்ளம் படும் கூச்சத்தை எவரும் கணக்கிட்டாரில்லை. ஆதலின் இரண்டாவது வழியின் வரலாற்றை, காரைக்காலை அடுத்த நம் தருமபுரத்தாரும் பிற சங்க அன்பர்களும் அறிதல் நலம்.

முதற்சான்று நமக்கு அண்மையிலேயே உளது. தஞ்சை மாவட்டத்தில் 1832-இல் பிறந்த தி. முத்துசாமி ஐயர், இளமையில் வறுமையால் கிராமக் கணக்கருக்கு உதவியாளராய், மாதம் ஒரு ரூபாய்ச் சம்பளத்தில் அமர்ந்தார். அவர்தம் கூர்மதியைக் கண்ட திருவாரூர்த் தாசில்தார் முத்துசாமி நாயக்கர், அவரை நாகப்பட்டினத்து மிஷன் பள்ளிக்கு அனுப்பினார். பின்னர்ச் சென்னையிற் பயின்ற அவர், சென்னை உயர்நீதிமன்றத்தின் முதல் இந்திய நீதிபதியாகி, 1893-இல் தற்காலிகத் தலைமை நீதிபதியாகவும் விளங்கினார். எனினும், ஒரு நல்ல தாசில்தாரின் கண்ணிற் படாத பிள்ளைகளின் கதி யாது? தற்செயலாய் வாய்த்த அந்நன்மையை நிலையான ஏற்பாடாக்குவதே பின்வந்தோர் கடனாயிற்று.

அதனைச் செய்தவர் மராட்டிய நாட்டுக் கர்மவீரர் பாவுராவ் பாட்டீல். 1919-இல் அவர் நிறுவிய ரயத் சிக்ஷண சம்ஸ்தா, உழைத்துக்கொண்டே கற்றல் என்பதைக் கொள்கையாகக் கொண்டது. மாணவர் வயலில் உழைத்தனர். கட்டட வேலையும் செய்தனர். சாதாராவில் அவர் நடத்திய விடுதியைக் காந்தியடிகள் 1927-இல் திறந்துவைத்தார். பல சாதிப் பிள்ளைகளும் அங்கு ஒன்றாய் உண்டு உறைந்தனர். அவர்தம் மனைவியார் லட்சுமிபாய், அப்பிள்ளைகளின் உணவுக்காகத் தம் நகைகளை ஈந்தார். திருமாங்கல்யமும் அதற்கு விலக்கன்று. 1947-இல் சாதாராவில் தோன்றிய சத்திரபதி சிவாஜி கல்லூரி, இம்முறையை உயர்கல்விக்கும் கொணர்ந்தது.

அமெரிக்க நாட்டிலும், பெரும் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில், 1935-இல் அமைந்த தேசிய இளைஞர் நிர்வாகம் ஏழை மாணவர்க்குப் பகுதிநேர வேலை அளித்தது. அங்கு 1964-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி, இத்தகைய மாணவரின் ஊதியத்திற் பெரும்பகுதியை அரசும், எஞ்சியதை வேலை தருவோரும் ஏற்றனர்.

இவ்வரலாறு நமக்கு ஒரு வழி காட்டுகின்றது. காரைக்காலில் அரசு கலைக் கல்லூரியும் மகளிர் கல்லூரியும் உள. கடைகளும் அச்சகங்களும் அலுவலகங்களும் உள. வேலை தருவோர் கூலியில் ஒரு பங்கைச் சங்க நிதி ஏற்குமாயின், ஒருவனுக்கு உபகாரச் சம்பளமாகும் தொகை இருவர்க்குத் துணையாதல் கூடும். வேலை நேரம் வகுப்பிற்கும் உறக்கத்திற்கும் ஊறு செய்யலாகாது. கூலி மாணவர் கையிலேயே சேர்தல் வேண்டும். பெண்மக்கட்கும் சம உரிமை வேண்டும். நோயுற்ற பிள்ளைக்கும், தேர்வுக் காலத்துப் பிள்ளைக்கும் உபகாரச் சம்பளம் என்றும் இருத்தல் வேண்டும்.

பாட்டீலின் விடுதி தன் வாயிலை ஒரு குலத்தார்க்கு மட்டும் திறந்ததன்று. நம் சங்கமும் தன் பிள்ளைகளோடு அயலார் பிள்ளைகளையும் இம்முயற்சியில் சேர்த்துக்கொள்ளுமாயின், அதுவே அதற்குப் பெருமையாம். அன்பர்கள் ஆவன செய்வார்களாக.