பழைய கம்பியும் புதிய தொலைபேசியும்

வீட்டுக்குப் புதிய தொலைபேசி வரும்போது, சுவரில் முன்னரே ஓடிக்கிடக்கும் கம்பியைப் பயன்படுத்தலாமா என்னும் வினா யாழ்ப்பாணக் குடாநாட்டில் பலகால் எழுந்ததுண்டு. இவ்வினா தொலைபேசியோடு உடன்பிறந்தது எனலாம்.

1876ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் கனடாவின் பிராண்ட்போர்ட் என்னும் ஊரில் அலெக்சாந்தர் கிரகம் பெல் தம் கருவியைச் சோதித்தபோது, நெடுந்தூரக் கம்பி எதனையும் அவர் புதிதாக இழுக்கவில்லை. முன்பிருந்த தந்திக் கம்பியையே இரவலாகப் பெற்றார். அதிலிருந்து தந்தையாரின் வீடுவரை வேலியோரமாகச் சாதாரணக் கம்பியொன்று கொண்டுசெல்லப்பட்டது. வேலிக்குப் பேர்போன யாழ்ப்பாணத்தார்க்கு இச்செய்தி இனிக்கும். அம்மாதம் 10ஆம் நாள், ஏறக்குறைய எட்டு மைலுக்கு அப்பாலுள்ள பாரிஸ் என்னும் சிற்றூரில் குரல் கேட்டது.

ஆயினும் தந்திக்குப் போதுமாயிருந்த ஒற்றைக் கம்பி பேச்சுக்குப் போதவில்லை. மறுவழியாக நிலமே பயன்பட்டமையால், மின்விளக்கும் மின்சார டிராம் வண்டியும் பெருகிய நகரங்களில் இரைச்சல் பேச்சை விழுங்கியது. இரண்டு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கி ஓடவிட்டால் இரைச்சல் அடங்கும் எனக் கண்டு, 1881இல் பெல் காப்புரிமை பெற்றார். அந்தச் சோடிக் கம்பியே பின்னர் உலகெங்கும் வீட்டுச் சுவர்களில் ஏறியது.

இனிக் குடாநாட்டுக்கு வருவோம். 1990 யூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் தெற்குடனான தொலைபேசித் தொடர்பு அறுந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாம மக்கள் ஊரோடு பெயர்ந்தனர். அடுத்த ஆண்டு பலர் மீண்டனர். கூரையிழந்த வீடுகளைப் பற்றிப் பேசுவதற்கில்லை. சுவர் நின்ற வீடுகளிலோ, வெளியே தூணும் கம்பியும் அழிந்தபோதும், உள்ளே கம்பி எஞ்சியிருக்க இடமுண்டு.

2005ஆம் ஆண்டை அடுத்து, வானலைவழி இயங்கும் சி.டி.எம்.ஏ. தொலைபேசிகள் இலங்கையில் பரவின. இவற்றுள் சிலவகைப் பெட்டிகளில் சாதாரணத் தொலைபேசியைச் செருகும் துளை இருந்தது. அத்துளையைச் சுவர்க் கம்பியோடு இணைத்தால் அறைதோறும் பழைய கருவிகள் உயிர்பெறும். ஆனால் வெளியிலிருந்து வரும் பழைய இணைப்பை வாயிலிலேயே துண்டித்தல் முதல் வேலை. இதனைச் செய்யாது விடுவது வெறும் சோம்பலன்று, ஆபத்து. இணைப்பகம் என்றாவது உயிர்பெற்றால் அதன் 48 வோல்ற்று மின்னோட்டம் புதிய பெட்டியோடு மோதும். இடிமின்னலும் அவ்வழியே நுழையும். பழைய மணிகள் பலவற்றை ஒருங்கே அடிக்கும் வலுவும் அச்சிறு பெட்டிக்கில்லை. கடற்காற்றில் களிம்பேறிய மூட்டுக்களைச் சுரண்டித் துலக்கி மீண்டும் முறுக்கவும் வேண்டும்.

பேச்சு, பொறுமையுள்ள விருந்தாளி. செக்கனுக்கு 3,400 அதிர்வுகளுக்குள் அடங்குவதால் கோணலான கம்பியிலும் குடிபுகும். இணையம் அவ்வாறன்று. செப்புக் கம்பிவழி வந்த ஏ.டி.எஸ்.எல். முறை பத்து இலட்சம் அதிர்வுகளையும் கடக்கும். அறைக்கறை கிளைவிட்டுச் சும்மா முடியும் கம்பி நுனிகளில் அது மோதித் திரும்பும். ஆதலால் வாயிலில் பேச்சையும் இணையத்தையும் பிரித்து, இணையப் பெட்டிக்குத் தனிச்சோடி ஒன்றை நேராக இழுப்பதே தக்கது.

ஒளியிழை வீடுவரை வந்தபின் வெளிச் செம்பு தேவையற்றுப் போகிறது. எனினும் ஒளியிழைப் பெட்டியிலும் தொலைபேசித் துளையுண்டு. சுவர்க் கம்பி அங்கும் உதவும். வேறுபாடு ஒன்றே. முன்பு கருவிக்கான மின்சாரம் இணைப்பகத்து மின்கலங்களிலிருந்து கம்பிவழியே வந்தது. ஊர் இருண்டாலும் மணி அடித்தது. ஒளியிழை மின்சாரத்தைக் கொண்டுவருவதில்லை. மின்தடை நேரும்போது பேச விரும்புவோர் அப்பெட்டியருகே ஒரு மின்கலத்தையும் வைத்தல் வேண்டும்.