முதலும் பொலிசையும்: ஓசூர் எல்லைப் பகுதியில் முதுமைக்காலப் பொருள்வைப்பு

பொருளை ஈட்டுதல் வேறு. ஈட்டியதைப் பிற்காலத்துக்கென வைத்தல் வேறு. திருவள்ளுவர் ஈட்டுதலைப் 'பொருள் செயல்வகை' எனத் தனி அதிகாரமாக்கினார். வைக்கும் இடத்தைக் குறிக்கும் 'வைப்புழி' என்னும் சொல்லையோ 'ஈகை' அதிகாரத்தில் ஆண்டார். வறியோர் பசியைத் தீர்ப்பதே பொருளுக்குரிய வைப்பிடம் என்பது ஆண்டுப் பெறப்படும் கருத்து. இன்று ஆலைத் தொழிலாளர் 'பி.எப்.' என வழங்கும் வருங்கால வைப்பு நிதியின் பெயரிலும் இச்சொல்லே நிற்கின்றது. வைத்த பொருளைக் காப்பவர் யாவர் என்னும் வினாவை முன்னிறுத்தி, ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் முதுமைக்கால வைப்பு மாறிவந்த நெறியை ஈண்டு ஆராய்வோம்.

கிருஷ்ணகிரி, தருமபுரி, செங்கம் ஆகிய பகுதிகள் நடுகற்கள் மலிந்தவை. ஆநிரை மீட்கும் பூசலில் வீழ்ந்தார்க்கு எடுக்கப்பெற்றவை அவற்றுட் பல. வீழ்ந்தவன் குடும்பத்தார்க்கு ஊராரோ தலைவரோ அளித்த நிலத்தைக் கல்வெட்டுகள் 'உதிரப்பட்டி' எனவும் 'நெய்த்தோர்ப்பட்டி' எனவும் குறிக்கின்றன. உதிரம், நெய்த்தோர் என்னும் இரண்டும் குருதியையே சுட்டும். உழைத்தவன் இல்லாத காலத்தும் அவன் மனையோர் உண்பதற்கு வழிசெய்த இதனை, இற்றை நாட் குடும்ப ஓய்வூதியத்தின் பழைய வடிவம் எனலாம். ஈண்டு வைப்பைக் காத்தது ஊர்.

இடைக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பிறிதொரு முறையைக் காட்டுகின்றன. கோயிலில் நந்தாவிளக்கு எரிப்பதற்கு ஒருவர் பொன் கொடுப்பின், ஊர்ச்சபையார் அதனைப் பெற்று, முதலைக் குறைக்காது பொலிசையைக் கொண்டே விளக்கெரிக்க உடன்படுவர். பொலிசை என்பது வட்டி. பொன்னுக்கு மாறாக ஆடு கொடுப்பதும் உண்டு. விளக்கொன்றுக்கு 90 அல்லது 96 ஆடுகள் மன்றாடிகளிடம் ஒப்புவிக்கப்பெறும். ஆடுகள் இறப்பினும் குட்டிகளால் தொகை நிரம்புதலின், அவை 'சாவா மூவாப் பேராடு' எனப்பட்டன. தனி ஆடு சாகும், மந்தை சாவதில்லை. முதல் வேறு, பயன் வேறு என்னும் பொருளியல் உண்மையை இதனினும் தெளிவாக விளக்கும் தொடர் அரிது. இம்முறை அறத்துக்காக அமைந்ததேயன்றித் தனியொருவர் முதுமைக்காக அமைந்ததன்று. ஆயினும் முதலைக் காக்கும் கடமை ஏற்றவர் யாரென்பது இதில் ஐயமின்றி விளங்குகின்றது.

1792-இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் கும்பினியார் வசமாயிற்று; ஓசூர்ப் பகுதி 1799-இல் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் அவர்க்குத் துணைவராயிருந்த தாமசு மன்றோவும் பாராமகாலில் நிலங்களை அளந்து, குடியானவர் ஒவ்வொருவரோடும் நேரே வரிமுடிவு செய்தனர். பின்னர்ச் சென்னை மாகாணத்தில் பரவிய இரயத்துவாரி முறை இங்ஙனம் இங்கு உருப்பெற்றது. அதன்பின் பட்டா உழவனின் முதுமை வைப்பாயிற்று. ஆனால் அவ்வைப்பைக் காக்கும் பொறுப்பும் அவன் ஒருவன் தலைமேலேயே விழுந்தது. 1876-78 தாதுவருடப் பஞ்சத்தின் கொடுமையை 1871, 1881 குடிமதிப்புகள் காட்டும். அவ்விடைக்காலத்தில் சேலம் மாவட்ட மக்கள்தொகை பெரிதும் குறைந்தது. மழை பொய்த்தபோது பட்டா சோறிடவில்லை.

1970-களில் ஓசூரில் சிப்காட் தொழில் வளாகம் அமைந்தது. தொடர்ந்து அசோக் லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய நிறுவனங்களின் ஆலைகள் எழுந்தன. ஏரும் ஏரியும் வைப்பாயிருந்த நாட்டில் மாதச் சம்பளம் வைப்பின் ஊற்றாயிற்று. இதற்குரிய சட்டம் முன்னரே பிறந்திருந்தது. 1952-ஆம் ஆண்டின் வருங்கால வைப்புநிதிச் சட்டம் முதற்கண் 6 தொழில்களில், 50 பேர்க்குக் குறையாத ஆலைகளுக்கு விதிக்கப்பெற்றது. 1960-இல் அவ்வெண் 20 ஆகக் குறைந்தது. தொழிலாளியும் முதலாளியும் ஒருங்கே இட, அரசு அமைத்த அறங்காவலர் குழு காத்தது. ஊர்ச்சபையின் இடத்தில் அரசு நின்றது என்க.

ஆயினும் அந்நிதி ஓய்வின்போது ஒருங்கே கைக்கு வரும் முதலாகவே இருந்தது. பொலிசைபோல் மாதந்தோறும் வரும் ஓய்வூதியம் 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தால் வந்தது. முதலாளி இடும் 12 விழுக்காட்டில் 8.33 விழுக்காடு அதற்குச் செல்லும். சம்பள வரம்பு 2014-இல் 15,000 ரூபாய் ஆயிற்று. ஓய்வூதியச் சம்பளத்தைப் பணியாண்டுகளாற் பெருக்கி 70-ஆல் வகுப்பது விதி. அவ்வரம்பின்படி 35 ஆண்டுப் பணிக்கும் 7,500 ரூபாயே கிடைக்கும். விலைவாசி ஏறுந்தோறும் இதுவும் தானே ஏறும் என்னும் ஏற்பாடு அத்திட்டத்தில் இல்லை. பேராடு சாகவில்லை, ஆனால் மூப்படைகின்றது.

இதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. மாத ஓய்வூதியம் பெறப் பத்தாண்டுப் பணி வேண்டும். ஒப்பந்தப் பணியாளர் ஆலைவிட்டு ஆலை மாறுங்கால் பழைய கணக்கை முடித்துத் தொகையை எடுத்துவிடின், பணியாண்டுகளும் அத்துடன் கழியும். திருமணம், மருத்துவம், வீட்டுமனை எனத் தேவை மெய்யானதே; ஆயினும் குட்டி ஈனும் ஆட்டை அறுத்துண்டபின் பாலும் இல்லை, மந்தையும் இல்லை. 2014-இல் வந்த பொதுக் கணக்கெண் பணிமாறினும் கணக்குத் தொடர வழிசெய்தது. இட்ட தொகையில் 25 விழுக்காடு எஞ்சி நிற்கவேண்டும் என 2025 அக்டோபரில் அறங்காவலர் குழு முடிவு செய்தது. முதல் கெடாது காத்தல் என்னும் பழைய நெறியே இங்குப் புதிய உருவில் தோன்றுகின்றது.

தொகுத்து நோக்கின், ஒன்று தெளிவாகும். உதிரப்பட்டியை ஊர் காத்தது. பொலிசை முதலைச் சபை காத்தது. பட்டாவை உழவன் தனித்துக் காத்துப் பஞ்சத்தில் தோற்றான். வைப்புநிதியை அரசு காக்கின்றது. சிக்கனம் தனிமனிதனின் பண்பாகலாம். அதன் காவல் தனிமனிதனால் இயல்வதன்று. ஆகலின், தொழிலாளியை நோக்கிச் 'சேமித்து வை' என்று கூறுவோர், வைத்ததைக் காக்கும் கடமை யாருடையது என்பதையும் உடன் கூறுதல் வேண்டும். அக்கடமையை ஏற்பார் உள்ள அளவுக்கே முதுமைக்கால வைப்பு வைப்பாகும் என்பது இவ்வெல்லை நாட்டு வரலாற்றால் பெறப்படும் முடிபாம்.