சவுண்ட்பார்: வரலாறும் தேர்வும்

சரவுண்ட் ஒலி என்பது கேட்பவரைச் சுற்றிப் பல திசைகளிலிருந்தும் ஒலி வருமாறு அமைக்கும் முறையாகும். இது முதலில் திரையரங்குகளுக்காக உருவானது. 1940-இல் வால்ட் டிஸ்னியின் 'ஃபேண்டசியா' திரைப்படத்திற்கு 'ஃபேண்டசவுண்ட்' என்னும் பல்தட ஒலியமைப்பு பயன்படுத்தப்பட்டது. கருவிகளின் விலை மிகுதியாக இருந்ததால் சில அரங்குகளில் மட்டுமே அது நிறுவப்பட்டது.

1992-இல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' திரைப்படத்துடன் டால்பி டிஜிட்டல் அறிமுகமானது. அதன் 5.1 ஒலி பின்னர் டிவிடி வழியாக வீடுகளுக்கு வந்தது. ஐந்து ஒலிபெருக்கிகளும் ஒரு சப்வூஃபரும் வைக்க இடமும், அறை முழுவதும் கம்பிகளும் தேவைப்பட்டன.

இதற்கு மாற்றாக யமஹா நிறுவனம் 2004-இல் ஒய்எஸ்பி-1 கருவியை வெளியிட்டது. அதன் ஒரே பெட்டியில் 40 சிறு ஒலிபெருக்கிகளும் 2 வூஃபர்களும் இருந்தன. அவை ஒலிக்கற்றைகளைச் சுவர்களில் பட்டுத் தெறிக்கச் செய்து, ஒலி பின்னாலிருந்து வருவது போன்ற உணர்வைத் தந்தன. 2012-இல் 'பிரேவ்' திரைப்படத்துடன் வந்த டால்பி அட்மோஸ், மேலிருந்து வரும் ஒலியையும் சேர்த்தது. இதற்காக உயர்விலை சவுண்ட்பார்களில் மேல்நோக்கிய ஒலிபெருக்கிகள் உள்ளன.

எனவே சவுண்ட்பாரின் பயன் அறையைப் பொறுத்தது. பக்கச்சுவர் இல்லாத கூடத்திலும் சரிவான ஓட்டுக்கூரையின் கீழும் தெறிப்பு சரியாக அமையாது. அங்கு தனிப் பின்புற ஒலிபெருக்கிகள் கொண்ட தொகுப்பே ஏற்றது. எதிராளியின் காலடி ஓசை வரும் திசையை அறிய வேண்டிய விளையாட்டுகளுக்கும் இதுவே பொருந்தும்.