கடற்காற்றாலைகளைக் கரை மின்கட்டமைப்போடு இணைத்தல்

கடலுக்குள் நிறுத்தப்படும் காற்றாலைகளின் மின்சாரத்தைக் கேபிள் வழியே கரையேற்றி, நாட்டின் மின்கட்டமைப்பில் சேர்க்கும் பணி. இந்தியக் கடலில் இன்னும் ஒரு காற்றாலையும் மின்சாரம் தரத் தொடங்கவில்லை. குஜராத்தின் காம்பே வளைகுடாவும் தமிழ்நாட்டின் மன்னார் வளைகுடாவும் முதற்கட்டத் திட்டங்களுக்கு உரிய இடங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளன. காற்றாலை எத்தனை உயரம், இறக்கை எத்தனை நீளம் என்பதைப் பற்றியே பொதுவில் பேசப்படுகிறது. ஆனால் இத்தகைய திட்டங்கள் பல இடங்களில் இடறியது கேபிளில்தான்.

கடலிலிருந்து கரைக்கு

ஒவ்வொரு காற்றாலையிலும் பிறக்கும் மின்சாரம் 33 அல்லது 66 கிலோவோல்ட் அழுத்தத்தில், கடற்படுகையில் கிடக்கும் சேகரிப்புக் கேபிள்கள் வழியே, கடலிலேயே கால் ஊன்றி நிற்கும் துணை மின்நிலையத்தைச் சேர்கிறது. அங்குள்ள மின்மாற்றிகள் அதைப் பெரும்பாலும் 220 கிலோவோல்ட்டாக உயர்த்துகின்றன. அதன்பின் தடித்த கேபிள் ஒன்றோ சிலவோ கரைநோக்கி வருகின்றன. நங்கூரமும் இழுவைமடியும் கிழித்துவிடாதபடி இவற்றைக் கடற்படுகையில் பள்ளம் பறித்துப் புதைக்கிறார்கள். பாறைத் தரையாக இருந்தால் மேலே கல் கொட்டி மூடுகிறார்கள். கரையை நெருங்கியதும் மணல்மேட்டையும் அலைவாய்க்கரையையும் தோண்டாமல், நிலத்துக்கு அடியில் கிடைமட்டமாகத் துளையிட்டுக் கேபிளை உள்ளே இழுக்கிறார்கள். கரையோர இணைப்புக் குழியில் கடற்கேபிள் முடிந்து நிலக்கேபிள் தொடங்குகிறது. அது கரைத் துணை மின்நிலையத்தில் போய் நிற்கிறது.

1991இல் டென்மார்க்கின் விண்டபி கடலில் 11 காற்றாலைகளுடன் உலகின் முதல் கடற்காற்றாலைப் பண்ணை அமைந்தபோது இத்தனை ஏற்பாடு தேவைப்படவில்லை. கரை அருகிலேயே இருந்தது. மின்சாரமும் சுமார் 5 மெகாவாட்தான். கடலில் துணை மின்நிலையம் கட்டும் வழக்கம் 2002இல் அதே நாட்டின் ஹார்ன்ஸ் ரெவ் திட்டத்தோடு, 160 மெகாவாட் அளவில், வந்தது.

மாறுமின்னா, நேர்மின்னா?

கம்பத்தில் தொங்கும் மின்கம்பிக்கும் நீருக்கடியில் கிடக்கும் கேபிளுக்கும் பெரிய வேறுபாடு உண்டு. கேபிளில் கடத்திக்கும் வெளிக்கவசத்துக்கும் இடையே இருப்பது மெல்லிய காப்புப் படலம் மட்டுமே. அதனால் முழுக் கேபிளும் ஒரு நீண்ட மின்தேக்கி போல நடந்துகொள்கிறது. மாறுமின்சாரம் நொடிக்கு 50 சுற்று புரளும்போது, அந்தத் தேக்கியை நிரப்பவும் வடிக்கவுமே ஒரு பங்கு மின்னோட்டம் ஓடிக்கொண்டிருக்கும். நீளம் கூடக்கூட அந்தப் பங்கும் கூடி, பயனுள்ள மின்சாரத்துக்குக் கேபிளில் இடம் குறைகிறது. இதைச் சரிக்கட்டக் கேபிளின் இரு முனைகளிலும் ரியாக்டர் எனும் தூண்டல் சுருள்களை வைக்கிறார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் கடற்கரையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி நிற்கும் ஹார்ன்சீ-1 திட்டத்தில், இதற்காகவே நடுக்கடலில் தனி நிலையம் கட்டப்பட்டது.

ஏறத்தாழ 80 முதல் 100 கிலோமீட்டரைத் தாண்டினால் உயரழுத்த நேர்மின்சாரமே சிக்கனம் என்பது பொறியாளர்களின் பொதுக்கணக்கு. ஜெர்மனியின் 400 மெகாவாட் போர்வின்-1 இவ்வகையில் முதல் இணைப்பு. தமிழ்நாட்டுக் கடலில் முதலில் குறிக்கப்பட்ட பரப்புகள் கரைக்கு அருகிலுள்ளவை என்பதால் மாறுமின் கேபிளே இங்கு போதும்.

தென்கடற்கரையின் நிலை

தேசியக் கடற்காற்றாலைக் கொள்கை 2015இல் வந்தது. அதன் பொறுப்பு அமைப்பு சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம். 2023இல் கடற்பரப்பைக் குத்தகைக்கு விடும் விதிகள் அறிவிக்கப்பட்டன. 2024 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது: குஜராத்தில் 500 மெகாவாட், தமிழ்நாட்டில் 500 மெகாவாட், இரண்டு துறைமுகங்களை மேம்படுத்த 600 கோடி. கடல் துணை மின்நிலையத்திலிருந்து கரைவரையுள்ள வழித்தடத்தைப் பவர்கிரிட் நிறுவனம் கட்டும் என்று அப்போது முடிவானது.

இந்த முடிவு சிறியதல்ல. பிரிட்டனில் காற்றாலை நிறுவனமே கேபிளைப் போட்டுப் பிறகு வேறொருவருக்கு விற்கிறது. ஜெர்மனியில் மின்கட்டமைப்பு நிறுவனம் போடுகிறது. காற்றாலைக்காரர் ஒருவர், கேபிள்காரர் வேறொருவர் என்றானால் இருவரின் நாட்காட்டியும் பொருந்த வேண்டும். 2013இல் ஜெர்மனியின் ரிஃப்காட் பண்ணையில் 30 காற்றாலைகளும் தயாராக நின்றன. கேபிள் பாதையில் இரண்டாம் உலகப்போர்க் குண்டுகள் கிடந்ததால் இணைப்பு 2014 வரை தள்ளிப்போனது. அதுவரை இயந்திரங்கள் துருப்பிடிக்காமல் இருக்க டீசல் எரித்து அவற்றைச் சுழற்றினார்கள்.

ஒன்றிய மின்சார ஆணையத்தின் 2022ஆம் ஆண்டுத் திட்டம், தமிழ்நாட்டின் 5,000 மெகாவாட் கடற்காற்றுக்கும் இடம் ஒதுக்கியது. மின்சாரம் கரையேறித் திரளும் இடமாக அதில் குறிக்கப்பட்டது திருநெல்வேலி மாவட்டத்தின் ஆவரைகுளம். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. முப்பந்தல், ஆரல்வாய்மொழிக் காற்றாலைகள், கூடங்குளத்தின் தலா 1,000 மெகாவாட் கொண்ட இரு அணு உலைகள், தூத்துக்குடி அனல்மின் நிலையங்கள் எல்லாம் இதே மூலையில் இருக்கின்றன. மின்சாரம் வேண்டுவோரோ வடக்கே சென்னையிலும் மேற்கே கோவை, திருப்பூரிலும் இருக்கிறார்கள். மே முதல் செப்டம்பர் வரை காற்று வெளுத்து வாங்கும் நாட்களில், வழித்தடம் போதாமல் கரைக் காற்றாலைகளையே நிறுத்திவைத்த வரலாறு நமக்கு உண்டு. கயத்தாறு, தப்பகுண்டு போன்ற 400 கிலோவோல்ட் நிலையங்கள் அந்த நெருக்கடியைக் குறைத்தன. 2013 டிசம்பர் 31இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் தடம் தென்மண்டலத்தை நாட்டின் ஏனைய கட்டமைப்போடு இணைத்தது. சத்தீஸ்கரின் ராய்கட்டிலிருந்து புகளூருக்கு வரும் 6,000 மெகாவாட் நேர்மின் தடமும், தெற்கில் மிஞ்சுவதை வடக்கே திருப்பி அனுப்பும் வசதியோடு அமைந்தது. கடற்காற்று வந்தால் இவை மட்டும் போதாது. ஆவரைகுளத்துக்கு வடக்கேயும் புதுத் தடங்கள் வேண்டும்.

காற்று ஓயும் நேரத்துக்குத் துணையும் வேண்டும். நிமிடங்களில் இயங்கத் தொடங்கும் நீர்மின்சாரம் இதற்கு ஏற்றது. கடம்பாறையின் 400 மெகாவாட் நீரேற்று மின்நிலையம் இவ்வகையில் தமிழ்நாட்டின் பெரிய சொத்து. ஐயாறு ஆகாயகங்கையாய் விழும் கொல்லிமலையில் மின்வாரியம் எடுத்த நீர்மின் திட்டம் 20 மெகாவாட்தான். 500 மெகாவாட் கடற்பண்ணையின் ஏற்ற இறக்கத்தை அது தனியாகத் தாங்காது. ஆயினும் மலை ஓடையும் கடற்காற்றும் ஒரே கட்டமைப்பில் ஒன்றுக்கொன்று ஈடுகட்டும்.

பெரிய அளவு மின்சாரம் ஒரே பண்ணையிலிருந்து வருவது தனி ஆபத்து. 2019 ஆகஸ்ட் 9 அன்று பிரிட்டனில் ஒரு மின்தடத்தை இடி தாக்கியதைத் தொடர்ந்து ஹார்ன்சீ பண்ணை நொடியில் 737 மெகாவாட்டை இழந்தது. அதே நேரத்தில் ஓர் எரிவாயு மின்நிலையமும் கட்டமைப்பிலிருந்து விலகியது. பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் இருளில் மூழ்கின. கட்டமைப்பில் சிறு கோளாறு நேர்ந்தாலும் விலகாமல் தாக்குப்பிடிக்கும் திறனைக் காற்றாலைகளிடம் விதிகள் கட்டாயமாக்கியிருப்பது இத்தகைய ஆபத்தைத் தவிர்க்கத்தான்.

கடலும் மீனவரும்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாயின. பவளப்பாறைகளும், கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளும் அங்கே இருக்கின்றன. கேபிள் பள்ளம் பறிக்கும்போது கிளம்பும் சேறு பவளத்தை மூடினால் அது மீள்வது கடினம். மீன் அடையும் பாறைத்திட்டுகளை மீனவர் ‘பார்’ என்கிறார்கள். எந்தப் பார் எங்கே இருக்கிறது என்பதை அவர்கள் கணியம் பார்த்தே, அதாவது கரையில் தெரியும் அடையாளங்களை வைத்து இடத்தைக் கணித்தே, சொல்வார்கள். அந்த அறிவு வரைபடத்தில் ஏறாமல் கேபிள் பாதையை முடிவு செய்வது அநீதி, பொறியியலாகவும் தவறு.

தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு 2024இல் சூரிய ஆற்றல் கழகம் விட்ட குத்தகை ஏலம் 2025இல் கைவிடப்பட்டது. இதனால் கிடைத்திருக்கும் அவகாசத்தில் கரையேறும் இடம், புதைக்கும் ஆழம், மீன்பிடிக்கத் தடைப்படும் பரப்பு, அதற்கான இழப்பீடு ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்டுக் கடற்கரை ஊர்க் கூட்டங்களின் முன் வைக்க வேண்டும். அடுத்த ஏலம் அதன்பிறகே வரட்டும்.