இருக்கையும் குறுக்குக் கம்பியும்

1882-இல் பர்மிங்காமைச் சேர்ந்த ஜான் போல்ட்பீ புரூக்ஸ் மிதிவண்டித் தோலிருக்கைக்குக் காப்புரிமை பெற்றார். 1890களில் மேலைநாட்டுப் பெண்கள் மிதிவண்டியேறியபோது, இருக்கை அவர்தம் உடல்நலத்தைக் கெடுக்குமென மருத்துவர் சிலர் எச்சரித்தனர். முன்முனை குட்டையான, அகன்ற இருக்கைகள் பெண்களுக்கென விற்பனைக்கு வந்தன.

நூறாண்டுக்குப் பின் புதுக்கோட்டையில் வேறோர் அளவுகோல் தோன்றியது. 1990களின் தொடக்கத்தில், மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தின் ஊக்கத்தோடு, அறிவொளி இயக்கத்தின் வழியே பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி பழகினர். பெண்களுக்கான வண்டிகள் போதாமையால் ஆண்கள் வண்டியையே ஓட்டினர்; சிலர் அதையே விரும்பவும் செய்தனர். இருக்கைக்கும் கைப்பிடிக்கும் இடைப்பட்ட குறுக்குக் கம்பியில் குழந்தையை அமர்த்த முடிந்ததே காரணம்.

இருக்கையின் வசதியை ஆராய்வோர் இடுப்பெலும்பின் அகலத்தோடு, வண்டியோட்டுபவர் உடன் சுமந்து செல்வதையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும்.