ஆடியும் ஃபோட்டானும்: நியூட்டன் எழுப்பிய வினாவின் வரலாறு

ஆடியில் ஒளி பட்டுத் திரும்புவதைச் சுவரில் மோதித் திரும்பும் பந்தாக எண்ணிப் பழகிவிட்டோம். ஃபோட்டான் என்ற கருத்து பரவியபின் பந்தின் இடத்தில் ஃபோட்டான் வந்தது, சுவரின் இடத்தில் அணு வந்தது. அணு ஒன்று ஃபோட்டானை விழுங்கி, உடனே இன்னொன்றை உமிழ்கிறது என்றே பலரும் விளக்குகிறார்கள். இவ்விளக்கம் தவறு என்பதும், எதிரொளிப்பு ஆடிப்பரப்பு முழுவதும் கூடிச் செய்யும் செயல் என்பதும் இக்கட்டுரையின் நிலைப்பாடு. இம்முடிவை நோக்கிய முதல் தடயம் குவாண்டம் கொள்கை பிறப்பதற்கு ஏறத்தாழ 200 ஆண்டுகள் முன்பே கிடைத்துவிட்டது.

அதைத் தந்தவர் நியூட்டன். 1704இல் வெளியான ‘ஆப்டிக்ஸ்’ நூலில், ஒளி பொருளின் திண்மையான பகுதிகளில் மோதுவதால் எதிரொளிப்பு நிகழவில்லை என்பதைத் தனியொரு கூற்றாகவே அவர் நிறுவ முனைந்தார். ஒளியைத் துகள்களின் ஓட்டமாகக் கருதியவரே இதைச் சொன்னார் என்பதால் இதன் எடை கூடுகிறது. அவருடைய சான்றுகள் மிக எளியவை. காற்றிலிருந்து கண்ணாடிக்குள் நுழையும்போது எதிரொளிக்கும் அளவுக்கு, கண்ணாடியிலிருந்து காற்றுக்கு வெளியேறும்போதும் ஒளி எதிரொளிக்கிறது. பின்புறமுள்ள காற்றைப் பம்பு கொண்டு அகற்றினாலும் அது குறைவதில்லை. வெற்றிடத்தில் ஒளி எதன்மீது மோதித் திரும்பும்? இன்னொரு சான்று பட்டறையிலிருந்து வந்தது. 1668இல் தம் எதிரொளிப்புத் தொலைநோக்கிக்கான உலோக ஆடியைத் தாமே தேய்த்து மெருகேற்றியவர் அவர். எவ்வளவு மெருகேற்றினாலும் நுண்கீறல்கள் எஞ்சுகின்றன. ஒளி தனித்தனித் துகள்களில் மோதுவதாயின் அந்தக் கீறல்களில் பட்டு நாலாபுறமும் சிதறவேண்டும்; ஆடியில் உருவம் தெரியவே கூடாது. கையால் வேலை செய்தவருக்கே தோன்றக்கூடிய வாதம் இது.

ஆனால் விடை அவருக்கு எட்டவில்லை. சாதாரணக் கண்ணாடியின் மேற்பரப்பில் செங்குத்தாக விழும் ஒளியில் சுமார் 4 விழுக்காடு திரும்புகிறது, மற்றது உள்ளே போகிறது. ஒரே வகைத் துகள்களில் எது திரும்பும், எது போகும் என்று தீர்மானிப்பது எது? ஒளி எளிதில் எதிரொளிக்கும் நிலைக்கும் எளிதில் ஊடுருவும் நிலைக்கும் மாறி மாறிச் செல்கிறது என்று நியூட்டன் ஊகித்தார். மெல்லிய கண்ணாடித் தகட்டில் சிக்கல் இன்னும் கூடுகிறது: ஒற்றை நிற ஒளியில், தகட்டின் தடிமன் மாற மாற, திரும்பும் ஒளி 0 முதல் 16 விழுக்காடு வரை ஏறி இறங்குகிறது.

அலைக்கொள்கை இவ்வினாவை ஒரு நூற்றாண்டுக்கு மூடிவைத்தது. 1690இல் ஹைகன்ஸ், பரப்பின் ஒவ்வொரு புள்ளியும் சிற்றலைகளை எழுப்புவதாகக் காட்டியிருந்தார். 1823இல் ஃப்ரெனெல், எவ்வளவு ஒளி திரும்பும் என்பதற்குச் சமன்பாடுகளைத் தந்தார். மாக்ஸ்வெல்லின் மின்காந்தக் கொள்கைக்குப் பின் உலோக ஆடியும் விளங்கியது. ஒளியின் மின்புலம் வெள்ளியிலுள்ள கட்டற்ற எலக்ட்ரான்களை ஒருசேர அலைக்கிறது. அவை எழுப்பும் அலை, உள்ளே செல்லும் அலையைச் சில பத்து நானோமீட்டருக்குள் அழித்து, வெளியே எதிரொளியாகக் கிளம்புகிறது. 1915–16இல் ஓசீனும் எவால்டும் இதையே அணுக்களின் கணக்காக எழுதினர்: ஒவ்வோர் அணுவும் எல்லாத் திசைகளிலும் அலை பரப்பினாலும், கூட்டுத்தொகையில் எதிரொளிப்புத் திசையும் ஒளிவிலகல் திசையும் மட்டுமே எஞ்சுகின்றன.

இதற்கிடையே ஒளி ஆடியைத் தள்ளுகிறது என்பதை மாஸ்கோவில் லெபெதேவ் அளந்திருந்தார். காற்று அகற்றிய கண்ணாடிக் குடுவையில் மெல்லிய உலோகத் தகடுகளைத் தொங்கவிட்டு 1901இல் அவர் வெளியிட்ட முடிவுகள், மாக்ஸ்வெல் கணித்த ஒளியழுத்தத்தை உறுதிசெய்தன. ஒளியை முழுதும் உறிஞ்சும் தகட்டைவிட முழுதும் எதிரொளிக்கும் தகடு இருமடங்கு தள்ளப்படும் என்பதே அந்தக் கணிப்பு.

இந்தத் தள்ளுவிசையைத்தான் ஐன்ஸ்டைன் பிடித்துக்கொண்டார். 1909 செப்டம்பரில் சால்ஸ்பர்க் மாநாட்டில் அவர் ஆற்றிய உரை, என் பார்வையில், ஆடியின் வரலாற்றில் மிக முக்கியமான திருப்பம். வெப்பக் கதிர்வீச்சு நிறைந்த வெளியில் தாராளமாக நகரக்கூடிய ஓர் ஆடியைக் கற்பனை செய்தார். நகரும் ஆடியைக் கதிர்வீச்சு தடுத்து மெல்ல நிறுத்திவிடும். வெப்பச் சமநிலை கோருவதுபோல் அது ஓயாமல் நடுங்கிக்கொண்டிருக்க வேண்டுமானால் கதிர்வீச்சின் அழுத்தம் சீரற்று ஏறி இறங்கவேண்டும். அந்த ஏற்ற இறக்கத்தைக் கணக்கிட்டபோது இரண்டு உறுப்புகள் கிடைத்தன. ஒன்று அலைகளின் குறுக்கீட்டால் வருவது. மற்றொன்று தனித்தனி ஆற்றல் பொட்டலங்கள் ஆடியில் விழுவதுபோல் இருந்தது. அலையும் துகளும் ஒரே சமன்பாட்டில் கூட்டல் குறியால் இணைந்து நின்றன. அவையில் இருந்த பிளாங்க் ஏற்கத் தயங்கினார்.

1923இல் காம்ப்டன் எக்ஸ் கதிரைக் கொண்டு, ஃபோட்டான் ஒற்றை எலக்ட்ரானில் மோதினால் என்ன ஆகும் எனக் காட்டினார்: எலக்ட்ரான் உந்தித் தள்ளப்படுகிறது, கதிரின் அலைநீளம் கூடுகிறது. ஆடியில் அப்படி நேர்வதில்லை. சிவப்பு ஒளி சிவப்பாகவே திரும்புகிறது. உந்தத்தை முழு ஆடியும் சேர்ந்து வாங்கிக்கொள்வதால் எந்த அணுவிலும் தடயம் தங்குவதில்லை. உண்மையிலேயே விழுங்கப்படும் ஃபோட்டான்களும் உண்டு. வெள்ளி ஆடியில் சில விழுக்காடு அப்படி வெப்பமாகிப் போகின்றன, அவை எதிரொளியாகத் திரும்புவதில்லை.

1986இல் பிரான்சின் ஓர்சே நகரில் கிராஞ்சியே, ரோஜே, அஸ்பே மூவரும் பாதி எதிரொளிக்கும் ஆடியின்மீது ஃபோட்டான்களை ஒவ்வொன்றாக அனுப்பினர். இரு பக்க உணர்கருவிகளும் ஒருசேரப் பதிவு செய்வது அரிதாகவே இருந்தது. அதாவது ஃபோட்டான் பிளவுபடவில்லை. இரு பாதைகளையும் மீண்டும் இணைத்தபோதோ குறுக்கீடு தெளிவாகத் தெரிந்தது. இதற்கு முந்தைய ஆண்டு வந்த ‘கியூஇடி’ நூலில் ஃபைன்மன், ஆடியின் ஒவ்வொரு புள்ளி வழியாகவும் ஃபோட்டானுக்குரிய நிகழ்தகவு வீச்சைக் கூட்டிக் காட்டியிருந்தார். ஆடியின் ஓரத்துப் புள்ளிகளின் பங்குகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. அங்கே பூச்சைக் குறிப்பிட்ட இடைவெளியில் கீறி எடுத்துவிட்டால், ஒளியே வராத அந்த ஓரத்திலிருந்தும் ஒளி வரத் தொடங்கும். முழுப் பரப்பும் பங்கேற்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நியூட்டனின் வினாவுக்குக் கிடைத்த விடையும் இதுதான்: நிகழ்தகவைப் பரப்புகள் அனைத்தும் சேர்ந்து நிர்ணயிக்கின்றன, குறிப்பிட்ட ஒரு ஃபோட்டான் எங்கே போகும் என்பதை எதுவும் முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை.

ஆடிக்கும் ஃபோட்டானுக்குமான உறவைப் பிந்தைய சோதனைகள் இன்னும் நுணுக்கமாகக் காட்டின. பாரிசில் செர்ஜ் அரோஷின் குழுவினர் நியோபியம் பூசிய இரு ஆடிகளை 2.7 செ.மீ. இடைவெளியில் வைத்து, ஒரு நுண்ணலை ஃபோட்டானை 0.13 வினாடி வரை சிறைப்படுத்தினர். அதற்குள் அது நூறு கோடி முறைக்கு மேல் எதிரொளித்து, பூமியின் சுற்றளவுக்கு நிகரான தொலைவைக் கடந்துவிடும். ஈர்ப்பலைகளைக் கண்டறியும் அமெரிக்காவின் லைகோ ஆய்வகத்திலோ ஆடி ஒவ்வொன்றும் 40 கிலோ எடை. லேசர் ஒளியின் குவாண்டம் ஏற்ற இறக்கம் அந்த ஆடிகளை 10⁻²⁰ மீட்டர் அளவுக்கு அசைப்பதாக 2020இல் அறிவிக்கப்பட்டது. ஹைட்ரஜன் அணுவின் விட்டத்தில் ஏறக்குறைய ஆயிரம் கோடியில் ஒரு பங்கு அது.